புதுப்பிப்பு: கல்லட்டி வளைவுகளில் எல்.எஸ்.டி. சத்தம்

என் காரில் வெளியே வாங்கிய கிளட்ச் வகை எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்: ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல், உரசும் தட்டுகளால் மறு சக்கரத்துக்கும் இழுவை தரும் அமைப்பு) போட்டதிலிருந்து, ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பக்கம் கடகடக்கிறது என்று எழுதியிருந்தேன். கியர்பாக்ஸைப் பிரித்தாயிற்று. பேரிங் எல்லாம் சரி; ஆயில்தான் கருத்துக் கிடந்தது, எல்.எஸ்.டி.யின் கிளட்ச் தட்டுகளும் தேய்ந்திருந்தன.

முன்சக்கர டிரைவ் காரில் கியருக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில். தட்டிலிருந்து உதிரும் தூள் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) வரைக்கும் போகும். தினமும் மலை ஏறும் வண்டிக்கு இது ஒத்துவராது.

இப்போது போட்டிருப்பது ஹெலிகல் கியர் வகை எல்.எஸ்.டி.; இதில் சாய்ந்த பல் கொண்ட கியர்களே அந்த வேலையைச் செய்யும். தேய்வதற்குத் தட்டே இல்லை, சத்தமும் போயிற்று. ஆனால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் இழுவை போய்விடும். அப்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் மறு சக்கரம் பிடித்துக்கொள்கிறது.

கோவை கரி ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் ஓட்டுபவர்களுக்குக் கிளட்ச் வகையே மேல். ஆயிலை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.