நூலக விருதுக் கட்டுரை: தேடித் தோற்றதையும் எழுதலாமா?

மயிலை அம்மா:
என் மகள் அமெரிக்காவில் வரலாறு கடைசி வருடம் படிக்கிறாள். ஆவணக் காப்பகங்களில் உழைத்து ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு அவளுடைய பல்கலைக்கழக நூலகம் விருது தருகிறது. ஆய்வேட்டோடு, எதை எங்கே எப்படித் தேடினாள் என்று தனியாக ஒரு கட்டுரையும் கொடுக்க வேண்டுமாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதும் சென்னை ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்களே, அதுதான் அவள் தலைப்பு. கில்லாடியான ஆளைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்டி" என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்கும் இதில் ஆசை அதிகம். லீவில் வந்தபோது தினமும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். முதல் மூன்று நாள் அட்டவணையில் 'எம்டன்' என்ற பெயரையே தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அதையும் எழுதப் போகிறேன் என்கிறாள். விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

எழும்பூர் வாசகன்:
தாராளமாக எழுதட்டும் அம்மா. தேடிய வழியைப் பார்க்கத்தானே தனிக் கட்டுரையே கேட்கிறார்கள்? நான் முப்பது வருடம் எம்.ஃபில். மாணவர்களை அங்கே கூட்டிப் போனவன். கோப்புகள் பப்ளிக், ரெவின்யூ, ஜுடிஷியல் என்று துறைவாரியாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் எரிந்ததைப் பற்றி எந்தத் துறை எழுதியிருக்கும், ஊர் காலியானதை எந்தத் துறை எழுதியிருக்கும் என்று யோசித்துத் தேட வேண்டும். இது மூன்று நாளில் பிடிபட்டது என்றால் கெட்டிக்காரிதான்.

ஒன்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளை நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸிலிருந்து எடுத்தாளா? அது அரசாங்கத்துக்காகப் பொறுக்கி எடுத்து இங்கிலீஷில் சுருக்கியது. அதை வைத்து 'சுதேசமித்திரன் சொன்னது' என்று நேராக எழுதக் கூடாது. அரசாங்கத்தின் காதில் எது விழுந்தது என்பதற்குத்தான் அது நல்ல சாட்சி. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும்.

தரமணிக்காரி:
அக்கா, அடுத்த முறை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கூட்டி வாருங்கள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று எல்லாவற்றுக்கும் பாட்டுக் கட்டி மலிவு விலையில் விற்ற குஜிலிப் புத்தகங்களை அங்கே பார்க்கலாம். எம்டனுக்கும் யாராவது பாட்டுக் கட்டினார்களா என்று தேடட்டும். அப்புறம், ஒவ்வொரு கோப்புக்கும் ஜி.ஓ. (அரசாணை) எண், தேதி, துறை மூன்றையும் குறித்து வைத்திருக்கிறாளா?

மயிலை அம்மா:
சார், இப்போதுதான் போனில் சொன்னேன். இரண்டு இடத்தில் 'சுதேசமித்திரன் எழுதியது' என்றே போட்டிருக்கிறாளாம், உடனே திருத்துகிறாள். அந்த மூன்று நாளும் கட்டுரையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜி.ஓ. எண் எழுதிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது தங்கச்சி, சாயங்காலம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.