கடைசி மேலுரத்துக்குப் பிறகு அரிசியில் என்ன பார்த்தீர்கள்?

மேலுரம்:
முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அரவை முடிந்து இரண்டு குவியல். மில்காரர் இரண்டிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பினார். இடப்பக்கம் பளபளவென்று உள்ளே ஒளி புகுகிற மணிகள். வலப்பக்கம் எங்கு பார்த்தாலும் வெள்ளை வயிறு, அதாவது மணிக்குள் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு. அதில் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார். வெள்ளை இருந்த இடத்திலேயே இரண்டாகப் போனது.

இரண்டும் ஒரே வயல், ஒரே ரகம், ஒரே நாள் நடவு. பொதிப் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும்போது, மேலுரமாகப் போடப் பாதி வயலுக்குத்தான் யூரியா கிடைத்தது. மீதி வந்து சேர்வதற்குள் பூவே முடிந்துவிட்டதால் போடவில்லை. பால் பிடிக்கும்போது ராத்திரியிலும் வெக்கை அடங்காத வருடம் அது. வெள்ளை வயிறு வந்தது யூரியா போடாத பாதியில்!

நெல் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, முழு அரிசியில்தான் அடி. யூரியா போட்டால் அரிசி கெடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இப்படி நேர்மாறாக வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

உலைமூடி:
எல்லோரும் சொல்றது பொய்யில்லைங்க. நான் பெரிய சமையற்கூடத்துல வேலை பார்க்கிறேன். ஒரு தடவை வந்த பச்சரிசி, பார்த்தாலே ஆசையா இருந்துச்சு. ஒரு குருணை கிடையாது, மணிமணியா இருந்துச்சு. வழக்கமான தண்ணி, வழக்கமான நேரம் வெச்சும் வேகலை. ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவுல பத்துப் பருக்கையை வெச்சு நசுக்கினேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வேகாத வெள்ளைப் புள்ளி. தண்ணியைக் கூட்டி இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன், வெந்தது. ஆறினதும் மறுபடி விறைச்சுப் போச்சு.

நெல் கொடுத்தவரைக் கேட்டா, பயிர் வெளுக்கவே கூடாதுன்னு பூ வர்ற வரைக்கும் யூரியா போட்டாராம். "அறுக்கிறப்பவும் கரும்பச்சைதான்"னு பெருமையாச் சொன்னார். மணியில புரதம் கூடினா மாவுச்சத்துக்குள்ள தண்ணி இறங்க நேரமாகும். சோறு கெட்டியாகும், ஒட்டாது, நிறமும் கொஞ்சம் மங்கும். ஜப்பான்ல புரதம் குறைஞ்ச அரிசிக்குத்தான் ருசியில கூடுதல் மதிப்பெண் கிடைக்குதுன்னு படிச்சிருக்கேன். உடையாத அரிசியெல்லாம் நல்ல அரிசின்னு மில்காரர் சொல்லலாம், உலை வைக்கிறவங்க சொல்ல மாட்டோம்.

தவிட்டுத்தூசி:
மேலுரம் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. குருணை வந்தாலே யூரியாவைக் கொண்டுவந்து நிறுத்துறது சரியில்லை. நான் அரவையிலேயே இருக்கிறவன். ஒருத்தர் ஒரே வயல் நெல்லை ரெண்டு தடவையா அறுத்துக் கொண்டுவந்தார். முதல் அறுப்பு அருமையா அரைஞ்சது. ரெண்டாவது கதிரிலேயே காய்ஞ்சு கிடந்து, அறுக்கிறதுக்கு முன்னாடி மழையில நனைஞ்சது. கல்லுல போட்டதும் பாதி நொறுங்கிடுச்சு. உரம் ஒண்ணுதானே?

நல்லாக் காய்ஞ்ச மணி திடீர்னு ஈரம் குடிச்சா உள்ளே வெடிக்கும். சுடுவெயில்ல வேகமாக் காயவெச்சாலும் வெடிக்கும். உங்க ரெண்டு பாதியும் ஒரே ஈரப்பதத்துல அறுத்ததா, ஒண்ணாக் காய்ஞ்சதா? அதைச் சொல்லாம யூரியாவுக்கு நற்சான்று கொடுக்காதீங்க. இன்னொண்ணு, புழுக்கிட்டா வெடிப்பும் ஒட்டிக்கும், வெள்ளை வயிறும் மறைஞ்சிடும். பச்சையா அரைச்சாத்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம்.

பச்சைத்தாள்:
என் கதை சின்னது. அடியுரமும், தூர்கட்டும்போது (அடியிலிருந்து பக்கத்தண்டுகள் வெடிக்கும்போது) போடுகிற மேலுரமும் அளவுக்கு மீறிப் போன பக்கத்து வயல், பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே காற்றில் படுத்தது. கதிர் சேற்றில் கிடந்து முளைவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். அந்த அரிசியைத் தரம் பிரிக்க எதுவும் மிஞ்சவில்லை.

இங்கே எல்லோரும் யூரியா, யூரியா என்கிறீர்கள், எப்போது போட்டது என்பதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. தூர்கட்டும்போது போட்டால் தூர் கூடும். அளவு மீறினால் பின்னால் வெடித்த தூர்களின் கதிர் அறுவடையில் பச்சையாகவே நிற்கும், அந்த மணிகளும் வெள்ளைதான். கதிர் உருவாகும் பருவத்தில், அதாவது பூக்க ஏறக்குறைய 30 நாள் இருக்கும்போது போட்டால் மணி எண்ணிக்கை குறையாமல் நிற்கும். பூக்கும் நேரத்தில் போட்டால் மணி எண்ணிக்கை அதிகமாகாது. இலை சாகாமல் இருக்கும், தழைச்சத்து மணியில் புரதமாகச் சேரும். மாவுச்சத்துத் துகள்கள் செங்கல் என்றால் இந்தப் புரதம் இடையில் பூசுகிற சாந்து. சாந்து குறைந்தால் இடைவெளியில் காற்று நிற்கும். நாம் பார்க்கும் வெள்ளை அதுதான். கூடினால் உலைமூடி சொன்ன கெட்டிச் சோறு. வெக்கையில் வெள்ளை கூடுவதும் உண்மை. ஜப்பானிய ஆய்வுகளில் பூத்த பிறகு சராசரி வெப்பம் 26-27 டிகிரியைத் தாண்டினால் வெள்ளை மணி ஏறுகிறது, தழைச்சத்துக்கு ஏங்கிய பயிரில் இன்னும் மோசம்.

ஆகவே தயவுசெய்து இலை வண்ண அட்டையை வாங்குங்கள், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண் போட்ட பச்சைப் பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14 நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8-10 மணிக்குள். முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, வெயிலுக்கு முதுகு காட்டி உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். 10 இலையில் 6 இலை 4-ஆம் எண் பட்டைக்குக் கீழே வந்தால் யூரியா போடுங்கள். நேரடி விதைப்பாக இருந்தால் 3. வராவிட்டால் மூட்டையைத் திறக்காதீர்கள். தண்ணீரை வடித்துவிட்டு யூரியா போடுங்கள், பிறகு தண்ணீர் கட்டுங்கள். இலை நனைந்திருக்கும்போது வீசாதீர்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. தேங்கிய தண்ணீரில், வெயிலில் போட்டால் அதில் எவ்வளவு அம்மோனியாவாகக் காற்றோடு போகும் என்று யோசித்தாவது பாருங்கள். சாம்பல்சத்தையும் விடாதீர்கள், தண்டு நிற்க வேண்டாமா?

ஈரக்களம்:
கதிரில் மஞ்சள் உருண்டையாக நெற்பழம் என்கிற பூஞ்சை நோய் காய்த்ததை நான் மட்டும்தான் பார்த்தேனா? கடைசியில் யூரியா கூடிய வயல், பூக்கும்போது தூறல். தொட்டால் கையெல்லாம் பொடி. அண்டை மணிகளெல்லாம் பதர். புரதம், சாந்து எல்லாம் பேசுகிறீர்கள், இதையும் எழுதிவையுங்கள்.

மேலுரம்:
தவிட்டுத்தூசி தம்பி கேட்டது நியாயம். இரண்டு பாதியையும் ஒரே நாளில் அறுத்தோம், ஒரே களத்தில் நிழலில் காயவைத்தோம். எடுத்துவைத்திருந்த நெல்லை இன்று கையால் உமி நீக்கி டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இருந்தால் குறுக்கே மெல்லிய கோடாகத் தெரிகிறது. வெள்ளை வயிறு வெளிச்சத்தை மறித்துக் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. கோடு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கறுப்புத் திட்டு யூரியா போடாத பாதியில் தெளிவாக அதிகம்.

உலைமூடி, நீங்கள் சொன்னபடி இரண்டையும் தனித்தனியாக வேகவைத்துக் கண்ணாடியில் நசுக்கியும் பார்த்தேன். யூரியா போட்ட பாதி வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கவில்லை. போடாத பாதியில் பருக்கைகள் சீக்கிரமே வாய் பிளந்து குழைந்துவிட்டன.