பைபாஸில் இரண்டு வித மருந்து: பாப்பாவரினா, ஜிடிஎன்னா?

தறிக்காரர் மகன்:
அப்பாவுக்குப் பரமக்குடியில் கைத்தறி. போன மாதம் பைபாஸ் முடிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு ரத்தக் குழாய், இடது கையிலிருந்து ஒன்று எடுத்து இதயத்தில் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் குறிப்பில் நெஞ்சுக் குழாய்க்குப் பாப்பாவரின், கைக் குழாய்க்கு வெரபமில், ஜிடிஎன் (நைட்ரோகிளிசரின்) என்று இருக்கிறது. எது உசத்தி? பிரஷரே இல்லாதவருக்கு எதற்கு டில்டியாசெம் மாத்திரை?

தியேட்டர் நர்ஸ், 14 வருடம்:
உசத்தி தாழ்த்தி இல்லை தம்பி, எல்லாமே குழாயை விரிக்கத்தான். குழாய்க்குத் தக்க மருந்து. நெஞ்சுக் குழாயைப் பிரிக்கும்போது கை பட்டாலே சுருங்கிவிடும். அறுத்த நுனியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பாப்பாவரினை வெளிப்பக்கம் தெளித்து, அதில் நனைத்த துணியைச் சுற்றி வைப்போம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பீய்ச்சி அடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் சர்ஜன் வாயைத் திறப்பார்!

ஆனால் அது அமிலத்தன்மை உள்ள மருந்து. குழாய்க்குள் ஏற்றினால் உட்சுவர் புண்ணாகலாம். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்ற டிரிப் திரவத்தில் கலந்தால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். புதிதாக வந்த ஒரு பெண் அப்படிக் கலந்துவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கைக் குழாயின் சுவரில் தசை அதிகம், இறுக்கமும் அதிகம். 1970களில் பிரான்சில் கார்ப்பென்டியே என்ற சர்ஜன் அதை வைத்துப் பார்த்து, அடைத்துக்கொள்கிறது என்று கைவிட்டார். 1992இல் அக்கார் குழு டில்டியாசெம் துணையோடு மறுபடி கொண்டுவந்தது. உங்கள் அப்பாவின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். பிரஷருக்கு இல்லை, குழாய் சுருங்காமல் இருக்க. ஜிடிஎன் சட்டென்று விரிக்கும், சீக்கிரம் அடங்கும். வெரபமில் நின்று வேலை செய்யும். அதனால்தான் ஜோடி.

மயக்கவியல் டெக்னீஷியன்:
அக்கா சொன்னது சரி. ஜிடிஎன்னை நரம்பில் ஓட்டினால் பிரஷர் இறங்கும், அதனால் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அப்புறம், டில்டியாசெமோடு மெட்டோப்ரோலால் இருக்கிறதா? இரண்டும் நாடியைக் குறைக்கும். தலை சுற்றினாலோ, நாடி மிகவும் இறங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

தறிக்காரர் மகன்:
மெட்டோப்ரோலாலும் இருக்கிறது. இப்போது எண்ணினேன், நாடி 62. தலைசுற்றல் இல்லை. கட்டைவிரல் பக்கம் மரத்துப் போயிருக்கிறது என்கிறார், ஆனாலும் நேற்றே தறியில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

தியேட்டர் நர்ஸ், 14 வருடம்:
மரமரப்பு சிலருக்கு வருவதுதான், அடுத்த செக்கப்பில் காட்டுங்கள். தறியா? நெஞ்செலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். முதலில் இறக்கிவிடுங்கள் அவரை!