மியூடெக்ஸுக்குத் தமிழ்ல என்ன? (பகிர்நினைவக அதிகாரம், கொஞ்சம் அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு டேட்டாபேஸ் எஞ்சினோட கையேட்டைத் தமிழாக்கிட்டு இருக்கேன், பகிர்நினைவகம் (பல ப்ராசஸ்கள் சேர்ந்து பயன்படுத்துற நினைவகம்) பத்தின அதிகாரம் வெள்ளிக்கிழமை போயாகணும். இழை (thread, நிரலுக்குள்ள தனியா ஓடுற வேலை), இடையகம் (buffer), பரிவர்த்தனை (transaction) எல்லாம் புழக்கத்துல இருக்கு, மியூடெக்ஸ்ல (mutual exclusion, ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற காவல்) வந்து நிக்குது. வெறும் 'பூட்டு'ன்னு போட முடியல, ஏன்னா மூலத்துல ஒரே பத்தியில ரெண்டும் வருது. பரிவர்த்தனை முடியுற வரைக்கும் தரவு வரிசை (row) மேல பூட்டு இருக்கும், அந்தப் பூட்டைப் பூட்டு அட்டவணையில சேர்க்குறப்ப அந்த அட்டவணைக்கு ஒரு மியூடெக்ஸ் போடணும். 'பூட்டு அட்டவணையைப் பூட்டிப் பூட்டைச் சேர்த்துப் பூட்டைத் திற'ன்னு எழுதினா யாருக்குப் புரியும்? 'பரஸ்பர விலக்கம்'னு ஒண்ணு மனசுல இருக்கு, வாய்ல நுழைய மாட்டேங்குது. சொல்லுங்க.

*

> பரஸ்பர விலக்கம்

பரஸ்பரம் வேண்டாம் அம்மா, தமிழ்லயே 'தம்முள்' இருக்கு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை, ஒண்ணை ஒண்ணு விலக்குறதால 'தம்விலக்கி'ன்னு வைக்கலாம், நாலே எழுத்துக்கு மேல ஒண்ணு ரெண்டுதான்.

பூட்டு வேர்லயே பொருந்தாதுங்கிறது என் கருத்து. காண் காட்டு ஆச்சு, உண் ஊட்டு ஆச்சு, அதே மாதிரி பூண் பூட்டு ஆச்சு. ஏர் பூட்டுறதும் வில்லுக்கு நாண் பூட்டுறதும் சேர்த்து வைக்குற வேலைதான், வெளிய நிறுத்துற வேலை இல்ல. நன்னூல் சொல்ற எட்டுப் பொருள்கோள்ல (பாட்டோட சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளுற முறை) விற்பூட்டை எடுத்துக்கோங்க, பாட்டோட கடைசிச் சொல் முதல் சொல்லோட போய்ச் சேரும். உரைகாரர்கள் அதுக்குக் காட்டுற வெண்பா 'திறந்திடுமின்'னு தொடங்கி 'கதவு'ன்னு முடியுது, கூட்டிப் பாத்தா கதவைத் திறங்கன்னு வருது! விலக்குறதுக்குப் போய் பூட்டுன்னு வைக்க எனக்கு மனசு வரல.

*

ஐயா, வேர் சரிதான், ஆனா வகுப்புல 'விலக்கு'ன்னா பசங்க வரிவிலக்கைத்தான் நினைப்பாங்க. 'இந்த இழைக்கு விலக்கு உண்டு'ன்னு எழுதினா அது காத்திருக்காம உள்ள போலாம்னு அர்த்தம் ஆயிடும், அதாவது நேர் எதிர். பாடம் நடத்துறவங்க பக்கத்துல இருந்து சொல்றேன், மியூடெக்ஸ்னே விட்டுடுங்க.

*

> மியூடெக்ஸ்னே விட்டுடுங்க

க்ஸ்-ல முடியுற சொல் தமிழ்ல நிக்காது. வச்சே ஆகணும்னா 'மியூட்டெக்சு'.

*

ரெண்டு பேரும் விலக்குலயே நிக்கிறீங்க, எனக்கு அதுதான் உறுத்துது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-ல எழுதின சின்னக் கட்டுரையில கேட்ட கேள்வி ஒரே நேரத்துல ஒருத்தர்தான் உள்ள இருக்கணும்ங்கிறது, அங்க விலக்கு சரி. ஆனா இன்னைக்கு எஞ்சின் எழுதுறவங்க மியூடெக்ஸ்னு சொல்றப்ப அதோட இன்னொண்ணும் சேர்ந்தே வருது, யார் போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும். செமஃபோருக்கு (எத்தனை பேர் உள்ள போலாம்னு எண்ணிக்கை வச்சுச் சொல்ற குறி) அந்தச் சொந்தக்காரர் கிடையாது, ஒரு இழை இறக்கினதை இன்னொரு இழை ஏத்தலாம். அதனாலதான் அதுக்குக் கைகாட்டின்னு சொன்னா கச்சிதமா பொருந்துது, மியூடெக்ஸுக்கு அது ஆகாது.

அக்கா மொழிபெயர்க்குற அதிகாரத்துல இந்தச் சொந்தக்காரர் விஷயம்தான் உயிரே. ஒரே ப்ராசஸுக்குள்ள (செயலாக்கம், அதாவது ஓடிட்டு இருக்குற நிரல்) பல இழைன்னா ப்ராசஸ் செத்தா மியூடெக்ஸும் அதோட போயிடும். பகிர்நினைவகத்துல அப்படி இல்ல, மியூடெக்ஸை அந்தப் பகுதிக்குள்ளயே வச்சு, ப்ராசஸ்களுக்கு இடையில பகிரப்படுதுன்னு பண்பு கொடுத்துத்தான் தொடங்குவோம். அதைப் பிடிச்சிருந்த ப்ராசஸை யாராவது கில் பண்ணிட்டா, நினைவகம் அப்படியே இருக்கும், மியூடெக்ஸ் பிடிச்ச நிலையிலயே இருக்கும், மத்தவங்க வாசல்ல காலம்பூரா நிப்பாங்க. இதுக்காகத்தான் போசிக்ஸ்ங்கிற யூனிக்ஸ் தரநிலையில ரோபஸ்ட் வகை வந்துச்சு, அடுத்து பிடிக்க வர்றவருக்கு 'பழைய ஓனர் செத்துட்டார்'னு ஒரு பிழை எண்ணோட மியூடெக்ஸ் கைக்கு வரும். அவர் பாதியில நிக்குற தரவைச் சீர் பண்ணி, 'சரியாயிடுச்சு'ன்னு அறிவிச்சுட்டுத்தான் விடணும். அறிவிக்காம விட்டா அந்த மியூடெக்ஸ் அதுக்கப்புறம் யாருக்கும் கிடைக்காது. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் வேற வழியில போகுது, ஒரு பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்குற ப்ராசஸ்) கிராஷ் ஆனா தலைமை ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் மத்த பேக்எண்டையும் நிறுத்திட்டுப் பகிர்நினைவகத்தைப் புதுசா தொடங்கும், பாதி எழுதின இடையகத்தை நம்ப முடியாதுங்கிறதுதான் காரணம்.

பூட்டும் லாட்ச்சும் வேறங்கிறதையும் சேர்த்துக்கோங்க. பரிவர்த்தனைப் பூட்டு தரவைக் காக்குது, ரொம்ப நேரம் நிக்கும், ஒண்ணுக்காக ஒண்ணு காத்து முட்டிக்கிட்டா எஞ்சினே கண்டுபிடிச்சு ஒரு பரிவர்த்தனையைத் தள்ளிவிடும். லாட்ச் நினைவகத்துல இருக்குற கட்டமைப்பைக் காக்குது, கொஞ்ச நேரம்தான், முட்டிக்கிட்டா கண்டுபிடிக்க ஆளில்ல, எந்த வரிசையில பிடிக்கணும்னு நிரல் எழுதுறவங்கதான் ஒழுங்கா இருக்கணும். மியூடெக்ஸ் இந்த ரெண்டாவது கூட்டம். (போஸ்ட்கிரெஸ்ல லாட்ச்னா தூங்குறவரை எழுப்புற வேற பொறிமுறை, மத்தவங்க லாட்ச்னு சொல்றதை அவங்க லைட்வெயிட் லாக்னு சொல்வாங்க, குழப்பிக்க வேண்டாம்.)

அதனால என் யோசனை 'உள்தாழ்'. வெளிய பூட்டுற பூட்டைச் சாவி இருக்குற யாரும் திறக்கலாம். உள்ள போய் தாழ்ப்பாள் போட்டவர் அவரேதான் எடுக்கணும், அவர் உள்ளயே விழுந்துட்டா கதவை உடைக்கணும். லாக்குக்குப் பூட்டு, லாட்ச்சுக்குத் தாழ், மியூடெக்ஸுக்கு உள்தாழ்னு மூணு சொல் மூணு பொருளுக்கு, அக்காவோட பத்தியும் தெளிவாயிடும்.

*

தம்பி, அருமை! 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்'னு வள்ளுவரே வச்ச சொல், தம்விலக்கியை நானே திரும்ப எடுத்துக்குறேன். ஒரே ஒரு திருத்தம், உள் + தாழ் 'உட்டாழ்'னுதான் புணரும், ளகரத்தை அடுத்து வர்ற தகரம் டகரம் ஆகும்.

*

> 'உட்டாழ்'னுதான் புணரும்

அப்படிப் பாத்தா நாடோறும்னு எழுதணும், இன்னைக்கு எல்லாரும் நாள்தோறும்னுதான் எழுதுறோம். உட்டாழ்னு பாத்தா உள்ளயும் தெரியாது, தாழும் தெரியாது. உள்தாழ்னே இருக்கட்டும், என் ஓட்டு அதுக்கு.

*

எனக்கு இன்னும் சமாதானம் ஆகல. தாழ்னா தாழ்வும்தானே. 1997-ல நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்ல இறங்கின பிறகு திரும்பத் திரும்ப ரீசெட் ஆச்சே, அதை இந்தப் பாடத்துல சொல்லாம இருக்க முடியாது. குறைஞ்ச முன்னுரிமை உள்ள வேலை மியூடெக்ஸைப் பிடிச்சிருக்கு, நடு முன்னுரிமை வேலை அதை ஓடவிடாம மறிக்குது, மேல இருக்குறது காத்துக் கிடக்குது, பிடிச்சவருக்குக் காத்திருக்கவரோட முன்னுரிமையைக் கொடுக்குற வசதியைப் பூமியில இருந்தே இயக்கிச் சரி பண்ணாங்க. இதை உங்க சொல்லுல எழுதுங்க: 'தாழ் முன்னுரிமைப் பணி உள்தாழைப் பிடித்திருந்தது'. தாழை வேற தாழம்பூ ஆயிடுது! வேற்றுமை ஏத்தினதும் குழம்புற சொல்லைக் கலைச்சொல்லா வைக்கக் கூடாது.

*

தாழ் முன்னுரிமைக்குப் பதிலா 'குறைந்த முன்னுரிமை'ன்னு எழுதலாமே, சொல்லுக்கா பஞ்சம்? தாழைக்கு 'உள்தாழினை'.

*

நன்றி எல்லாருக்கும். நாளைக்கு அனுப்பணும், அதனால முடிவு பண்ணிட்டேன். பூட்டு, தாழ், உள்தாழ். அதிகாரத்தில முதல் தடவை வர்ற இடத்துல 'மியூடெக்ஸ் என்னும் உள்தாழ்', அப்புறம் உள்தாழ் மட்டும். செமஃபோர் கைகாட்டி, ஸ்பின்லாக் (தூங்காம சுத்திச் சுத்திப் பாத்துக் காத்திருக்குற வகை) சுழல்தாழ். ஓனர் செத்த பத்தியை இப்பவே எழுதிப் பாத்தேன், 'உள்தாழிட்ட செயலாக்கம் இறந்துவிட்டால் அடுத்து வருவது தரவைச் சீரமைத்த பின்பே தாழை விட வேண்டும்', படிக்க நல்லா வருது (தாழை மாத்திடுறேன்).

*

அனுப்புங்க அம்மா, சொல்லகராதியிலயாவது உட்டாழ்னு ஒரு வடிவம் காட்டிடுங்க.

*

அனுப்புறதுக்குள்ள ஒண்ணு. அடுத்த அதிகாரத்துல ரீட்-ரைட் லாட்ச் வருது, படிக்கிறவங்க எத்தனை பேர் வேணாலும் ஒரே நேரத்துல உள்ள இருக்கலாம், எழுதுறவர் வந்தா மட்டும் தனியா. அங்க தாழ் போட்டது யாரு, எடுக்க வேண்டியது யாரு? நான் வகுப்புல மியூடெக்ஸ்னுதான் சொல்லப் போறேன்.