ஆஸ்திரேலியா – சீனா சகோதரப் பள்ளி: உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மெல்பர்ன் வாத்தியார்:

நான் மெல்பர்னின் கிழக்குப் புறநகரில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சீன மொழி தெரியாது. இருந்தும் சீனாவின் நான்ஜிங் நகரில் உள்ள எங்கள் சகோதரப் பள்ளியோடு, அதாவது ஒப்பந்தம் போட்டு எங்களோடு ஜோடி சேர்ந்த பள்ளியோடு, மின்னஞ்சல், வீடியோ அழைப்பு, வருகை ஏற்பாடு எல்லாம் இப்போது என் தலையில். முன்பு பார்த்துக்கொண்ட சீன ஆசிரியை வேறு பள்ளிக்குப் போய்விட்டார். யாராவது செய்தாக வேண்டும், என் பெயர் வந்தது. இங்கே இதே வேலையில் மாட்டியவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள்.

ஏன் நான்ஜிங் என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஆஸ்திரேலியா சீன மக்கள் குடியரசோடு தூதரக உறவு தொடங்கியது 1972 டிசம்பரில். 1979-இல் விக்டோரியா ஜியாங்சு மாகாணத்தோடும், நியூ சவுத் வேல்ஸ் குவாங்டாங்கோடும் சகோதர உறவு வைத்துக்கொண்டன. அடுத்த பத்து வருடத்துக்குள் டாஸ்மேனியாவுக்கு ஃபூஜியன், தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஷான்டோங், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஜெஜியாங், குயின்ஸ்லாந்துக்கு ஷாங்காய் என்று ஜோடி சேர்ந்தாயிற்று. பல பள்ளிகள் அந்தத் தடத்திலேயே போயின. ஜியாங்சுவின் தலைநகர் நான்ஜிங், அவ்வளவுதான் காரணம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது சுலபம். சிவப்பு பேனர், மேஜை மேல் இரண்டு சின்னக் கொடி, தோல் உறை போட்ட இரண்டு கோப்பு, ஒரு போட்டோ. கோப்புக்குள் ‘மாணவர் பரிமாற்றம், ஆசிரியர் பரிமாற்றம், கலாசாரப் புரிதல்’ என்று இருக்கும். எந்த மாதம், எந்த வகுப்பு, மின்னஞ்சலுக்கு யார் பதில் போடுவது என்பது மட்டும் இருக்காது. உறவு நிற்பதும் படுப்பதும் இந்த மூன்றில்தான் என்பது என் கட்சி.

மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஜனவரி கடைசியில் திறக்கும்போது அவர்கள் வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு விடுமுறையில் இருப்பார்கள். ஏப்ரலில் நமக்குப் பருவ விடுமுறை. ஜூன் 7-இல் அங்கே காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு. தேர்வு மையமாக இருக்கும் பள்ளியில் மற்ற வேலை எதுவும் நடக்காது. ஜூலை, ஆகஸ்டு அவர்களுக்குக் கோடை விடுமுறை. செப்டம்பர் பிற்பாதியில் நாம் மூடுவோம். நாம் திரும்பும் சமயத்தில் அக்டோபர் 1 தேசிய நாள் வந்து அவர்கள் ஒரு வாரம் காணாமல் போவார்கள். அந்த விடுமுறையை ஈடுகட்ட முன்னும் பின்னும் ஒரு சனி, ஞாயிறு பள்ளி வைப்பார்கள், அது தனிக் கணக்கு. டிசம்பரில் மறுபடி நாம் மூடிவிடுவோம். இரண்டு பக்கமும் மூச்சு விடக்கூடிய காலம் மார்ச், மே, பிறகு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. அதற்குள் செய்தால் உண்டு.

அப்புறம் கடிகாரம். குளிர்காலத்தில் மெல்பர்ன் சீனாவைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் அது மூன்றாகிவிடும். மே மாதத்தில் நமக்குப் பதினொன்றரைப் பாடவேளை தோதாக இருக்கும் என்று கேட்டால் அங்கே மணி ஒன்பதரை, பள்ளி முழுக்க மைதானத்தில் உடற்பயிற்சியில் இருக்கும். சரி, மதியம் இரண்டு மணி என்றால் அங்கே பன்னிரண்டு. சாப்பாடு, அதற்குப் பிறகு தூக்கம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மேஜை மேல் தலை சாய்த்துத் தூங்குவார்கள், அதற்கென்று நேரமே ஒதுக்கியிருக்கிறது.

வகுப்பு விஷயமும் அப்படியே. நம் ஊரில் வெளிநாட்டுப் பயணம் என்றாலே ஒன்பதாம் வகுப்பு. அங்கே ஒன்பதாம் வகுப்பு என்பது மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதும் வருடம். பாட்டு, கடிதம், நட்பு என்று நாம் போய் நின்றால் பெற்றோர் ஓடி வந்து கதவைச் சாத்துவார்கள். அவர்களுடைய ஏழு, எட்டாம் வகுப்போடு சேர்த்துப் பாருங்கள், ஆர்வம் பொங்கும்.

2008-இல் ஆசியக் கல்வி அறக்கட்டளை, ஆஸ்திரேலியப் பள்ளிகளை ஆசியப் பள்ளிகளோடு இணைக்க ‘பிரிட்ஜ்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் இந்தோனேசியா, பிறகு சீனா, கொரியா எல்லாம் வந்தன. அதில் எனக்குப் பிடித்தது, பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் ஆசிரியர்களைச் சேர்த்து வைத்ததுதான். அந்த வழியில் அமைந்த ஜோடிகளில் நான் அறிந்த சில, பிரின்சிபால் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சுச்சோவில் இருந்தவன்:

வாத்தியார் சார், மறுபக்கத்துக் கதையையும் கேளுங்கள். நான் பினாங்குக்காரன். சுச்சோவில் ஒரு அரசுப் பள்ளியில் சில வருடம் ஆங்கிலம் எடுத்தேன். ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் ஆஸ்திரேலியப் பள்ளியின் கடிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும்.

பதில் வரவில்லை என்றால் விருப்பமில்லை என்று உங்கள் பக்கம் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. உங்கள் மின்னஞ்சல் ஒரு ஆங்கில ஆசிரியைக்கு வரும். அவருக்கு ஐம்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பு, அதற்கு மேல் வகுப்புப் பொறுப்பாசிரியர் வேலை வேறு. அவர் அதைச் சீனத்தில் எழுதித் துணை முதல்வரிடம் கொடுப்பார். பயணம் சம்பந்தப்பட்டது என்றால் அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலகம், பிறகு வெளிவிவகார அலுவலகம். உங்கள் அழைப்புக் கடிதத்தில் வருகிறவர்களின் பெயர், பதவி, தேதி, நாள்வாரியான நிகழ்ச்சி, எந்தச் செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் இருக்க வேண்டும். ‘உங்களை எப்போது வேண்டுமானாலும் வரவேற்கக் காத்திருக்கிறோம்’ என்று அன்பாக எழுதியிருப்பார்கள். அன்பு சரி, அதை வைத்து ஒரு முத்திரை வாங்க முடியாது.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அலுவல் பயணம் என்றால் அதற்கான தனிக் கடவுச்சீட்டில் வர வேண்டும், ஊர் திரும்பியதும் ஒப்படைத்துவிட வேண்டும். நடுவில் ஒரு தேதி மாறினால் காகிதம் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. ‘இரண்டு நாள் தள்ளி வைக்கலாமா?’ என்று ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து சாதாரணமாகக் கேட்பார்கள். அந்த ஆசிரியை அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். ஒரு ஆஸ்திரேலியக் குழு வந்திருந்தது. வரவேற்பு மேடை, டிரம், உரை எல்லாம் எப்போதும் போல. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது நாள் அவர்களைச் சாதாரண வகுப்பில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார வைத்தோம். திடீரென்று ஒலிபெருக்கியில் இசை, ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று குரல். வகுப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மூக்குத் தண்டின் இரு பக்கமும் விரலால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தது. கண் பயிற்சி, 1960-களிலிருந்து சீனப் பள்ளிகளில் உள்ளது. ஆஸ்திரேலியப் பையன் ஒருவன் பேந்தப் பேந்த விழித்தான். பக்கத்துப் பெண் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, தன் முகத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவன் தப்பான இடத்தில் தேய்க்க, அவள் தலையாட்ட, இன்னொருவன் சிரிக்க, பொறுப்பாசிரியர் முறைக்க... அன்று மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அந்த மூவரும் ஒரே மேஜையில் இருந்தார்கள். வரவேற்பு மேடைக்கு ஒத்திகை பார்த்த வாரங்களை நினைத்து எனக்குத்தான் எரிச்சல்.

அடிலெய்ட் ஹோம்ஸ்டே அம்மா:

நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கட மகனின் பாடசாலைக்கு ஷான்டோங் பக்கம் சகோதரப் பாடசாலை இருக்கிறது. ஒரு ஜூலையில் சிங்தாவிலிருந்து வந்த பிள்ளையை வீட்டில் வைத்திருந்தோம். வைத்திருக்க முதல் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும், என்ர மாமியார் உட்பட, சிறுவர்களோடு பழகுவதற்கான அரச சரிபார்ப்பு எடுக்க வேண்டும். ‘எழுபது வயதில் என்னைப் பொலிஸ் விசாரிக்குதோ’ என்று மாமிக்கு ஒரே ஆத்திரம்.

பிள்ளை விமான நிலையத்திலேயே அழுத முகத்தோடு வந்தது. தாய் கட்டிக் கொடுத்த உலர்ந்த இறைச்சி சொசேஜ் முழுவதையும் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துவிட்டார்களாம். தயவுசெய்து, பயணத்துக்கு முன் அனுப்பும் கடிதத்தில் இறைச்சி கொண்டுவர வேண்டாம் என்று சீனத்தில், தடித்த எழுத்தில் போடுங்கோ. எங்கள் ஆக்கள் கருவாடு கொண்டுவந்து படும் பாடு எனக்குத் தெரியும்.

அங்கே நல்ல வெயில் காலத்தில் புறப்பட்ட பிள்ளை இங்கே குளிருக்குள் வந்து இறங்கியது. அடிலெய்ட் வீடுகள் குளிருக்குக் கட்டினவை அல்ல. கையில் சுடுதண்ணீர்ப் போத்தலோடுதான் வீட்டுக்குள் திரிந்தான். முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்கு யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஆன்ட்டி, ஆக்கள் எல்லாம் எங்கே?” தெருவில் ஒருவரும் இல்லை. இது வழமை என்று சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

சாப்பாடு பற்றித்தான் பயந்தேன். இட்லியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது, ஊரில் சாப்பிடும் மான்தோ என்ற ஆவியில் அவித்த ரொட்டி என்று நினைத்திருக்கிறான். வாயில் வைத்ததும் புளிப்பு! மரியாதைக்கு விழுங்கினான். மாமி சீனியைத் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தா, அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அதையே கேட்டான். தாய்க்கு இரவுக்கு இரவு வீசாட்டில் அவனுடைய தட்டின் படம் போக வேண்டும், இல்லாவிட்டால் அவ நித்திரை கொள்ள மாட்டா. அவ இப்பவும் எனக்கு வசந்த விழாவுக்கு வாழ்த்து அனுப்புகிறா. இரண்டு பாடசாலைக்கும் இடையில் இப்ப போக்குவரத்து இருக்கோ என்று எனக்குத் தெரியாது.

பரமட்டா அப்பா:

எல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, பணம். பரிமாற்றம் என்று பெயர், போவது யார்? விமானச் சீட்டுக்குப் பெற்றோர் கொடுக்க முடிந்த பிள்ளைகள். என் மகள் வகுப்பில் சீனம் நன்றாகப் படித்த பெண் போகவில்லை. சீனமே எடுக்காத இரண்டு பேர் போனார்கள்.

இரண்டு, அரசியல். 2019-இல் நியூ சவுத் வேல்ஸ் கல்வித்துறை 13 அரசுப் பள்ளிகளில் சீன அரசின் ஆதரவோடு சீன மொழியும் கலாசாரமும் கற்பித்த கன்பூசியஸ் வகுப்பறைகளை மூடுவதாக அறிவித்தது. வெளிநாட்டு அரசு சார்ந்த அமைப்பு நம் கல்வித்துறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது சரியா என்ற கேள்வி அதற்குக் காரணம். சகோதரப் பள்ளி வேறு, அது வேறு என்று எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

மெல்பர்ன் வாத்தியார்:

கோபமெல்லாம் இல்லை. அரசியல் விஷயத்தில் நான் செய்வது ஒன்றே: என்ன பாடம், யார் எழுதியது, எந்தப் படம் போகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து. இரண்டு பள்ளிக்கு நடுவே மூன்றாவது அமைப்பு இல்லை என்றால் கேள்வி பாதி குறைந்துவிடுகிறது.

பணக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, நீங்கள் சொல்வது உண்மை. பயணத்தைத் தலையாக வைத்தால் அப்படித்தான் ஆகும். 2020 மார்ச்சில் இரு நாட்டு எல்லைகளும் மூடின. நம்முடையது 2022 பிப்ரவரியில் திறந்தது, சீனா தனிமைப்படுத்தலைக் கைவிட்டது 2023 ஜனவரியில். பயணத்தை மட்டும் நம்பியிருந்த உறவுகள் அந்த இடைவெளியில் படுத்தே போயின. எங்களுடையது தப்பியதற்கு ஒரு குச்சி காரணம்.

மார்ச் 20, 21 வாக்கில் சம இரவு நாள் வருகிறது. இரண்டு பள்ளியிலும் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழலை அளக்கிறோம். அங்கே அது பன்னிரண்டேகால் வாக்கில், சாப்பாட்டு இடைவேளை, ஆகவே யார் பாடவேளையும் போகாது. இங்கே கோடை நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை. நான்ஜிங்கில் நிழல் சுமார் 63 செ.மீ., மெல்பர்னில் 78. அவர்கள் படத்தில் நிழல் வடக்கே, எங்கள் படத்தில் தெற்கே. முதல் தடவை என் வகுப்பில் பாதிப் பேர் அவர்கள் திசைகாட்டியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள் என்றே அடித்துச் சொன்னார்கள். அங்கேயும் எங்களைப் பற்றி அதே பேச்சாம். பிறகு அளவுகளை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார்கள். மொழி அதிகம் வேண்டாம், எண்ணும் படமும் போதும். கூகுள் ஆவணம் அங்கே திறக்காது, எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வீசாட் கிடையாது. ஆசிரியர் இருவரும் மின்னஞ்சலில் அட்டவணையாக அனுப்பிக்கொள்கிறோம். இதற்கு விமானச் சீட்டு வேண்டாம் பாருங்கள்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2024 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்குச் சீனா விசா விலக்கு தந்தது, முதலில் 15 நாள், அந்த நவம்பரில் 30 நாளாக்கினார்கள். புறப்படும் முன் நடப்பில் உள்ள விதியைச் சரிபாருங்கள். அவர்கள் இங்கே வருவதற்கு விசா வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதத்துக்கு 1229 படிவம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக.

பெர்த்திலிருந்து:

சார், கடிகாரத் தொல்லை எங்களுக்கு இல்லை. பெர்த்தும் சீனாவும் ஒரே நேரம், கோடையிலும் மாற்றமில்லை. பெர்த்துக்கு நான்ஜிங் 1998-இலிருந்து சகோதர நகரம் வேறு. உங்கள் குச்சிக் கணக்கைப் படித்ததும் வரைபடத்தைப் பார்த்தேன்: பெர்த் தெற்கே ஏறக்குறைய 32 பாகை, நான்ஜிங் வடக்கே ஏறக்குறைய 32 பாகை. நிழல் இரண்டும் ஒரே நீளம், திசை மட்டும் எதிர் எதிர், அதுவும் பத்துப் பன்னிரண்டு நிமிட இடைவெளியில்! நேரலையில் வைத்தே அளக்கலாம். எங்கள் கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் நான்ஜிங் ஆசிரியருக்கு மூன்றாவது பள்ளி சேர்வதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சுச்சோவில் இருந்தவன்:

கேட்பதாக இருந்தால் வசந்த விழா விடுமுறைக்கு முன்பே கேளுங்கள். மூன்றாவது பள்ளி என்றால் துணை முதல்வர் கையெழுத்து வேண்டும். மேகமூட்டம் வந்தால் தள்ளிப் போடவும் அதிக நாள் இல்லை, ஏப்ரல் முதல் வாரம் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் விடுமுறை.