‘அப்படி ஒரு சொல்லே இல்லை’ என்று உங்களை யாராவது மடக்கியிருக்கிறார்களா?

கோவை வாசகி:
பொங்கல் லீவில் வீட்டில் ஸ்கிராபிள் ஆடினோம், எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம். சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் சிவப்புக் கட்டத்தைத் தொட்டு ‘ஈலி’ வைத்தேன். ஈ, ஈ, எல், ஒய். விலாங்கு போல நெளிந்து வழுக்குகிற என்று பொருள். 7 புள்ளி, மும்மடங்கில் 21. சித்தப்பா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். “ஈல் உண்டு, ஈலி கிடையாது. என் சர்வீஸில் பார்த்ததே இல்லை” என்றபடி காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, என் ஸ்டாண்டில் அவரே திரும்ப அடுக்கினார். ஒய் தலைகீழாக நின்றது. பெரியவர் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐடி ஊழியன்:
எனக்கு ‘இம்பாக்ட்ஃபுல்’. அப்ரைசல் படிவத்தில் எழுதியிருந்தேன். மீட்டிங்கில் பெரிய திரையில் அந்தச் சொல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசி, “இதெல்லாம் இங்கிலீஷா?” என்றார் மேனேஜர். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். சித்தப்பா செய்தது அநியாயம் சகோதரி. ‘ஸ்னேக்கி’ செல்லும்போது ‘ஈலி’ ஏன் செல்லாது?

பழைய ஆட்டக்காரர்:
அது வாதமே இல்லை தம்பி. அப்படியானால் எந்தப் பெயர்ச்சொல்லோடும் ஒய் ஒட்டிக்கொண்டே போகலாம். என் மகள் கட்டுரையில் ‘ஃபன்’னோடு ‘அர்’ சேர்த்து ‘ஃபன்னர்’ என்று எழுதியதற்கு மிஸ் சிவப்பு மையில் அடித்துவிட்டார். அதே சொல் ஸ்கிராபிளில் செல்லும் சொற்களின் பட்டியலில் இருக்கிறது. கட்டுரை வேறு, ஆட்டம் வேறு. ஆட்டத்தில் பட்டியல் வைத்ததுதான் தீர்ப்பு. 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்ற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸுக்கு பிரெஞ்சு பேச வராது. பட்டியலை மனப்பாடம் செய்தே ஜெயித்தார். அதனால் சகோதரி, ஆடுவதற்கு முன்பே எந்தப் பட்டியல் என்று பேசி முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல்தான். வட அமெரிக்காவில் வேறு. ‘ஓகே’வையே அங்குள்ள ஸ்கிராபிள் அகராதியில் 2018-இல்தான் சேர்த்தார்கள். பட்டியலில் உள்ள சொல்லை இல்லை என்று தவறாகச் சவால் விட்டால் எதிராளிக்கு 5 புள்ளி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரும் சும்மா கை நீட்ட மாட்டார்கள்.

கோவை வாசகி:
ஐயா, பட்டியல் பேசித்தான் ஆரம்பித்தோம். காலின்ஸ் என்று சொன்னதே சித்தப்பாதான். ‘ஈலி’ அதில் இருக்கிறது. புத்தகம் அவர் மடிப் பக்கத்திலேயே கிடந்தது, திறக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.