ஒரு வாசல், மூன்று அடுப்பு: களப்பணியில் சந்தித்தவர்கள்

காரைக்குடியிலிருந்து:

பட்டயப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, "களப்பணிக்குப் போனால் யாராவது பதில் சொல்வார்களா அக்கா?" என்று கேட்டிருந்தார். சொல்வார்கள் அம்மா. நாம் கேட்காததையும் சேர்த்தே சொல்வார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நான் படித்தது இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஊரக வளர்ச்சி முதுநிலைப் பட்டயம். மொத்தம் 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு, ஆக 900 மணி நேரம். பள்ளிக்கூட வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக, விடியற்காலையில்தான் அந்த நேரத்தைத் தேடி எடுத்தேன். பாடங்களையும் அசைன்மென்ட்டையும் எப்படியோ முடித்துவிட்டேன். ப்ராஜெக்ட்டுக்கு வந்தபோதுதான் உண்மையில் படிக்க ஆரம்பித்தேன்.

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பணம் ஒரு கிராமத்தின் வீட்டுச் செலவை எப்படி மாற்றுகிறது என்பது என் தலைப்பு. கானாடுகாத்தான் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரையே எடுத்துக்கொண்டேன். வீட்டு வரிப் பட்டியலை வாங்கி, ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று குறித்து வைத்தேன். நாலு பக்கக் கேள்வித்தாள். முதல் கேள்வி, "இந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?"

பட்டியலில் பதினாலாவது ஒரு ஆச்சி வீடு. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அத்தனை நீளம். முகப்பு தாண்டி வளவு, வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. ஆச்சி வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எந்த அடுப்புல ஆத்தா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆச்சி விளக்கினார். "மகனுக்குக் கல்யாணம் ஆயிட்டா வேறு வச்சிருவோம். வீடு ஒண்ணுதான், வாசல் ஒண்ணுதான். சமையல் வேற, கணக்கு வேற. பெரியவன் கோயம்புத்தூருல இருக்கான், திருவிழாவுக்கு வந்தாலும் அவன் அறைக்கு நேரா அவன் அடுப்புதான் எரியும். சின்னவன் இங்கேயே இருக்கான், அவன் ஒரு அடுப்பு. நானும் அவுகளும் ஒரு அடுப்பு. மூணு புள்ளி."

புள்ளி என்ற சொல்லை அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஆனால் அந்தச் சொல்லுக்கும் என் கையிலிருந்த தாளுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றுவரை தோன்றியதே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் வரையறை. அதைப் படித்திருந்தேன், அசைன்மென்ட்டில் எழுதியும் இருந்தேன். எழுதிவிட்டு, கதவு எண்ணுக்கு ஒரு குடும்பம் என்று தாள் அச்சடித்துக்கொண்டு போயிருக்கிறேன்! ஆச்சி தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம்தானே இருக்கு, மூணு அடுப்பையும் எங்க எழுதுவே?" என்றார். புள்ளிவிவரம் என்ற வார்த்தையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் முதல் பாதியை அன்றைக்குத்தான் பொருளோடு கேட்டேன். அதுவரை முடித்திருந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன்.

கடன் பகுதிக்கு வந்தபோது, "யாரிடம் கடன் வாங்கியிருக்கிறீர்கள்?" என்று மட்டும்தான் என் தாளில் இருந்தது. ஆச்சியின் மாமனார் ரங்கூனில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தவர். பர்மாவின் கீழ்ப்பகுதியில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் 1930-இல் ஏறக்குறைய 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-இல் அது 25 சதவீதம் ஆனது என்று நான் படித்திருந்தேன். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்தது. ஆச்சியிடம் இதைச் சொன்னதும் அவர் கை நின்றது. "நெலம் வேணும்னு யாரு கேட்டா? கொடுத்தது பணம். வந்தது நெலம். அந்த நெலத்தை யாருக்கு விக்க? அங்க உள்ளவுக எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டாகன்னு மாமா சொல்லுவாக." அதன் பிறகு 1942-இல் ஜப்பான் படை, 1948-இல் நில தேசியமயச் சட்டம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்தையும் ஆச்சி சேர்த்தே பேசினார், "அவுகளுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும்ல" என்று. என் தாளில் இதற்கு இடமே இல்லை. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இன்றும் அந்தப் பின்பக்கம்தான் என் அறிக்கையில் உருப்படியான பகுதி என்று நினைக்கிறேன்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. நம் பக்கத்து ஊர்களில் பூட்டிய வீடுகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பட்டியலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்தில் திறந்திருந்த வீட்டை எடுத்துக்கொண்டேன். எனக்கு வழிகாட்டிய ஐயா பட்டியலைப் பார்த்துவிட்டு, "வெளியே போனவர்களைப் பற்றித்தானே தலைப்பு? போனவர்களின் வீட்டைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார். அப்புறம் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நான் மாற்றி எடுத்த வீடுகள் எல்லாமே தார் ரோட்டு ஓரம். ஊரை ஆராய வருகிறவர்கள் ரோட்டோரத்தையே பார்த்துவிட்டுப் போவார்கள், மழைக்காலத்தில் வரமாட்டார்கள் என்று ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இலேயே எழுதியதைப் பாடத்தில் கோடு போட்டுப் படித்தவள்தான் நான்.

பூட்டிய வீடுகளுக்கு மறுபடி போனபோது, பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். ஒரு அண்ணன் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, தூசி தட்டுவது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு என்றார். மலேசியாவிலிருந்து வரும் பணம் அந்த ஊரில் யார் வீட்டு உலையில் அரிசியாகிறது என்று அவரிடம்தான் தெரிந்தது.

முடித்து பைண்டிங் செய்ததும் ஒரு பிரதியை ஆச்சியிடம் கொண்டு போனேன். அவர் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெயர் வெளியிடக்கூடாது என்பதால் "குடும்பம் 14" என்று போட்டிருந்தேன். ஆச்சி முகம் வாடிவிட்டது. "மாமா பேரு ரங்கூன்ல போர்டுலயே இருந்துச்சு. நீ நம்பர் போட்டுட்டியே ஆத்தா" என்றார். விதியை எடுத்துச் சொன்னேன், சரி என்று தலையசைத்தார். எனக்கு இன்றும் மனது ஆறவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

அக்கா, "14அ, 14ஆ, 14இ" என்றாவது போட்டீர்களா? மூன்று அடுப்பாயிற்றே.

நான் வேறு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பட்டயம் படித்தேன். ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரைக்கல் போடும் பட்டறையில் களப்பணி. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, பிரிவு பிரிவாக வண்ணச் சிமெண்ட் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும், பிறகு காயவேண்டும். சூளையே கிடையாது. அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் "மாத வருமானம்?" என்று கேட்டேன். "எந்த மாசம் தம்பி? ஐப்பசியா, மாசியா?" என்றார். அடைமழையில் கல் காயாது, வேலையும் குறையும். அன்றிரவே அந்த ஒரு கேள்வியைப் பன்னிரண்டாக்கினேன், தமிழ் மாதப் பெயரைப் போட்டு. அவர் விரல் விட்டு எண்ணி ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொன்னார். எந்த மாதம் நகை அடகுக்குப் போகும், எந்த மாதம் திரும்பும் என்பதுவரை சொன்னார்.

புதுவயலிலிருந்து:

எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் பெண்களைப் பற்றி எழுதுவதாக இருக்கிறேன், அடுத்த மாதம் களப்பணி. சொந்த ஊரில் செய்தால் மதிப்பு குறையுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-லேயே மாணவர்களை விடுமுறையில் அவரவர் கிராமத்தைக் கணக்கெடுத்து வரச் சொன்னவர் என்று படித்த பிறகு பயம் போனது. அப்படி எழுதப்பட்ட கிராமங்களில் ஒன்று, அன்றைய நம் இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம். அதே ஊர்களை 1936-37இல் மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் போயிருக்கிறார்கள்.

அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும். களத்தில் நெல் காயும்போது அவர்களால் பேச முடியாது, காலால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். நானும் கூட இறங்கிக் கிளறினால் தவறாக நினைப்பார்களா?

காரைக்குடியிலிருந்து:

நினைக்கமாட்டார்கள், இறங்குங்கள். ஆனால் உச்சிவெயிலில் களம் கொதிக்கும், முதல் நாளே செருப்பில்லாமல் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தேவகோட்டைத் தம்பிக்கு: ஆமாம், 14அ, 14ஆ, 14இ என்றுதான் போட்டேன்.